பழைய நேரத்துக்குப் போய் நின்றவர்

“வாசியுங்கோ” என்பார் அக்கா போனில். “மனசில இருக்கிறதைச் சொல்லாதேங்கோ. திரையில என்ன எழுதிக் கிடக்கோ அதை எழுத்துக் கூட்டி வாசியுங்கோ.”

அந்தப் பக்கம் டொரண்டோவில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் அக்காவுக்கு உறவும் இல்லை, ஒரு தடவைகூட நேரில் பார்த்ததும் இல்லை. எப்போதோ தன் மனைவியின் மரண அறிவித்தலில் ஒரு திருத்தம் சொல்ல எங்கள் அலுவலகத்தை அழைத்தவர், அப்படியே மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியைக் கண்டுபிடித்து, பக்கத்தைத் திறந்து, “தகனம், வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணி” என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்து முடிக்கும்வரை அக்கா போனை வைக்கமாட்டார். பிறகு ஒஸ்லோவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அடுத்த போன், அதே கட்டளை. இரண்டு நாட்டிலும் திருத்திய அதே நேரம் வாசிக்கப்பட்டால்தான் தன் கொப்பியில் ஒரு சரி போடுவார்.

இத்தனையும், நான் என் மேசையிலிருந்து “மாத்தியாச்சுக்கா” என்று சொன்ன பிறகு நடக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அறுபது தாண்டிய முதலாளி உட்பட. முதல் நாள் என்னைத் தம்பி என்றார். என் விசா காகிதங்களை ஸ்கேன் செய்யும்போது பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, நீங்கள் என்னைவிட ரெண்டு வயசு மூப்பெல்லோ” என்று அன்றிலிருந்து அண்ணை ஆக்கிவிட்டார். நான் மட்டும் அக்காவை விடவில்லை. ஆக, நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்கு அக்கா. சின்னவர் என்று யாருமே இல்லாத உறவு எங்களுடையது.

லண்டனில், கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் அலுவலகம். மாடிப்படி முழுக்கக் கருவாட்டு வாசனை. அங்கிருந்துதான் முதலாளி மரண அறிவித்தல்களுக்கென்றே ஓர் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தார். நான் திருச்சிக்காரன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவார்கள், தெருமுனையில் போஸ்டர் ஒட்டுவார்கள், அதோடு சரி. யாழ்ப்பாணத்துக்காரர்களின் விஷயம் வேறு. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருக்கு மருமகன், எந்த நாட்டில் எந்தப் பேரன் என்று ஒரு குடும்பமே அந்த ஒரு பக்கத்தில் வந்து வரிசையாக நிற்கும். கீழே மூன்று வரி: பார்வைக்கு, கிரியை, தகனம். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், முகவரி. கனடாவில் இருப்பவரும் நார்வேயில் இருப்பவரும் காலையில் எழுந்து முதலில் திறப்பது அந்தத் தளத்தைத்தான். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு மாதத்தில் நானும் காலையில் அதைத் திறக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பிரியப்பட்டு அல்ல. பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்த வேலை போய்விட்டது. விசாவின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நண்பர் ஒருவர் சொல்ல, முதலாளி எனக்கு வேலையும் கொடுத்து விசாவுக்கும் பொறுப்பேற்றார். அங்கே கணினி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த மிதப்பு எனக்கு இருந்தது.

அறிவித்தல்களைத் தட்டெழுதுவதும் திருத்துவதும் அக்காவின் வேலை. திருத்தம் இல்லாத அறிவித்தலை நான் பார்த்ததே இல்லை. மருமகன் பெயர் விட்டுப்போயிருக்கும். பேத்தியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். விட்டுப்போன பெயர் ஒவ்வொன்றும் ஆயுளுக்கும் பேசாமல் இருக்கக் காரணமாகும் என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால் முழு அறிவித்தலையும் வீட்டுக்காரருக்குப் போனிலேயே தணிந்த குரலில் வாசித்துக் காட்டுவார். இறந்தவர் பெயர் வரும்போது யாரும் அழமாட்டார்கள். “பாசமிகு பேரனும்” என்ற இடத்தில்தான் உடைவார்கள். அந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்திவிட்டு டீயை ஒரு வாய் குடிப்பார். அவர்கள் மூக்கைச் சிந்தி முடித்ததும் மறுபடி ஆரம்பிப்பார்.

பெயர்த் திருத்தங்களைவிட அவரைப் பதறவைப்பவை நேரத் திருத்தங்கள். லண்டனில் ஒரு சாவு வீடு நாள் குறிப்பது லேசான காரியம் இல்லை. டாக்டர் கையெழுத்து தாமதமாகும், மண்டபம் கிடைக்காது, தகனச்சாலையில் கொடுத்த நேரத்தை மாற்றுவார்கள். வெள்ளி மாலை என்றது வியாழன் காலை ஆகும். அப்படி ஒரு போன் வந்தால் அக்கா சுவெட்டரின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொள்வார். குளிர்காலத்திலும்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு தலைமை ஆசிரியர் இறந்துபோனார். உலகம் முழுவதும் அவருடைய மாணவர்கள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்ததில் தளம் படுத்துவிட்டது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதுதான் சமயம் என்று நினைத்தேன். ஒவ்வொருவர் கேட்கும்போதும் பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தால் சர்வர் தாங்காது. ஒருமுறை தயாரித்ததன் பிரதியை அங்கங்கே வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் தொழிலில் இதை கேஷ் என்போம். பிரதிகள் ஒரு வாரம் இருக்கட்டும் என்று வைத்தேன். தளம் பறந்தது. முதலாளி அன்று எல்லோருக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப நான் இங்க நேரத்தை மாத்தினால், அங்க கிடக்கிற பிரதியில ஆர் மாத்துறது?”

“மாத்த வேண்டாம்க்கா. பழைய பிரதியைச் சிஸ்டமே அழிச்சிடும். அடுத்தாப்ல கேக்கிறவங்களுக்குப் புதுசு போகும்.”

“அழிச்சதோ இல்லையோ எண்டு ஆர் பாத்தது?”

“சிஸ்டம் பாக்கும்.”

“அழிக்கிறதும் அதுதான், பாக்கிறதும் அதுதான். நல்ல கதை!” என்றார். “நீங்கள் மாத்தினது உங்கட மேசையில, அண்ணை. அவையின்ர கையில மாறினதோ எண்டுதான் நான் கேக்கிறன்.”

கம்ப்யூட்டரில் எழுத்துரு மாற்றவே என்னைக் கூப்பிடுகிற மனுஷி, எனக்குப் பாடம் நடத்துகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டொரண்டோவுக்குப் போன் போட்டார்.

போனோடு நிறுத்தியிருந்தால்கூடச் சரி என்று விட்டிருப்பேன். சில நாட்களில் இரண்டு மணி நேரம் வெளியே போய்வருவார். கோட், குடை, கைப்பை. டாக்டரிடம் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு வெகு சாதாரணமாகச் சொன்னார். அன்று ஒருவரின் கிரியை ஒரு மண்டபத்திலிருந்து வேறு மண்டபத்துக்கு மாறியிருந்தது. அக்கா போய் நின்றது பழைய மண்டபத்தின் வாசலில், பழைய நேரத்தில். பழைய பிரதியைப் பார்த்துவிட்டு யாராவது வந்தால் புது இடத்துக்குக் கூட்டிப்போக.

“யாராவது வந்தாங்களா?”

“ஓம். ஒராள் வந்தவர். வெள்ளைக்காரன். செத்தவரோட பஸ் ஓட்டினவராம். ஆரோ இடத்தைச் சொல்லி விட்டிருக்கினம், மாறினதைச் சொல்லேல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத மனுசன், பாவம். பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வாறன்.”

முதலாளி தன் அறையிலிருந்து முணுமுணுத்தார்: “ஒராளுக்காண்டி ரெண்டு மணித்தியாலம் போச்சு.”

“ஒராள் வந்தவர்தானே” என்றார் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். இடமோ நேரமோ மாறிய ஒவ்வொரு சாவுக்கும், தூரம் மிக அதிகமில்லை என்றால், அக்கா பழைய இடத்தில் பழைய நேரத்துக்குப் போய் நின்றார். நகரின் மறுகோடியில் இருக்கும் வெம்பிளிவரைகூடப் போயிருக்கிறார். பெரும்பாலும் ஒருவரும் வரமாட்டார்கள். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். ஒருவரும் வராத நாளில்தான் அவர் முகம் நன்றாக இருக்கும்.

இவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய துக்கம் இருக்கவேண்டும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அகதியாக வந்தவர், ஊரில் தாயோ தகப்பனோ இறந்தபோது போக முடியாமல் போயிருக்கும், அதன் வலிதான் இப்படி ஆட்டுகிறது என்று கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“எல்லாரும் இதைத்தான் கேக்கினம்” என்று சிரித்தார். “அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணை. அம்மா அப்பா ரெண்டு பேரும் என்ர கையிலதான் போனவை, இங்க குரோய்டனில. குளிப்பாட்டினது, வாய்க்கரிசி போட்டது, எல்லாத்துக்கும் நிண்டனான். நிண்டபடியால்தான் எனக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். அதை அன்று நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. “வீட்டுக்காரர் போன் அடிச்சுச் சொல்லுற ஆக்களுக்கு எங்கட பக்கம் என்னத்துக்கு? ஆருமே சொல்லாத ஆக்களுக்குத்தான் அண்ணை எங்கட பக்கம்.”

இனி நான் சொல்லவேண்டியது அந்த வியாழக்கிழமையைத்தான். இதுவரை சுற்றி வளைத்தது அதைத் தள்ளிப்போடத்தான் என்று எனக்கே தெரிகிறது.

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த ஒரு பெரியவர் இறந்திருந்தார். தகனம் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டேகால் என்று ஞாயிறு அன்று அறிவித்தல் போட்டோம். செவ்வாய்க்கிழமை அவருடைய மகன் அழைத்தார். தகனச்சாலையில் நேரம் மாற்றிவிட்டார்கள், காலை பத்தரை. அக்கா சுவெட்டர் கையை ஏற்றிக்கொண்டு மாற்றினார். நான் பட்டனை அழுத்தி, “பழசு எல்லாம் அழிஞ்சாச்சுக்கா” என்றேன். டொரண்டோ பத்தரை என்று வாசித்தது. ஒஸ்லோவும் பத்தரை என்று வாசித்தது. கொப்பியில் சரி விழுந்தது.

வியாழன் மதியம் அக்கா கோட்டை மாட்டினார்.

“எதுக்குக்கா? ரெண்டு நாள் ஆச்சு. உலகம் பூரா மாறியாச்சு” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “இன்னைக்கு அங்க யாராவது வந்தாங்கன்னா நான் வேலையை விட்டுடறேன்” என்றேன்.

“பிறகு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டரை மணி வாக்கில் போன் வந்தது. அக்கா குரலில் சண்டை இல்லை. “அண்ணை, உடன வாங்கோ. இவவின்ர போனில இப்பவும் ரெண்டேகால் எண்டு கிடக்கு.” பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

போவதற்கு முன் கணினியில் தேடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. சமூக வலைத்தளத்தில் யாராவது ஓர் அறிவித்தலைப் பகிர்ந்தால், அதன் முகவரிக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வால் ஒட்டிக்கொள்ளும். வால் ஒட்டியதை என் ஏற்பாடு வேறு ஒரு பக்கம் என்று நினைத்துத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்தது. நேரம் மாறியபோது நான் அழித்தது வால் இல்லாத பக்கத்தை மட்டும். தளத்துக்கு நேராக வருபவர்களுக்குப் பத்தரை தெரிந்தது. பகிர்ந்த இணைப்பைத் திறந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்கு இரண்டேகால்தான். டொரண்டோவும் ஒஸ்லோவும் நேராக வருபவர்கள். கத்துக்குட்டி செய்கிற தவறு. நான் செய்திருந்தேன்.

பஸ் பிடித்துப் போனேன். தகனச்சாலையின் வெளிவாசலில், இலை உதிர்ந்த மரத்தடியில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சேலை, பக்கத்தில் ஒரு சின்னச் சூட்கேஸ், கையில் பூங்கொத்து. இறந்தவரின் ஒரே தங்கை. ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்து நேராக அங்கே வந்திருக்கிறார். அண்ணன் குடும்பத்தோடு பதினைந்து வருடமாகப் பேச்சு இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு தூரத்து உறவு பகிர்ந்த இணைப்புதான் அவருக்குக் கிடைத்த ஒரே செய்தி. அதை ஞாயிறு அன்று திறந்தார். வியாழன் காலை விமானம் ஏறும் முன்பும் திறந்தார். இரண்டு தடவையும் இரண்டேகால். அண்ணன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார். அவர் வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

“அவள்தான் செய்தவள்” என்று அழுதுகொண்டிருந்தார். “அண்ணி வேணுமெண்டு செய்தவள். எனக்குத் தெரியும். நான் முகம் பாக்கக் கூடாதெண்டு எனக்கு மட்டும் வேற நேரம் காட்டியிருக்கிறாள். நாசமாப் போவாள்.”

“இல்லையம்மா” என்றார் அக்கா. “உங்கட அண்ணிக்கு ஒண்டும் தெரியாது. நேரம் பிழையா அடிச்சது நான். பிறகுதான் திருத்தினனான். உங்களுக்குத் திருத்தினது வரேல்லை. பிழை என்ரதான்.”

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று வார்த்தை தேடினேன். பிரதி, வால், முகவரி. அந்த அம்மாவிடம் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. “நான்தான்” என்ற ஒரு வார்த்தை போதும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியது, சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

அந்த அம்மா அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ ஒரு பொம்பிளைதானே? உனக்குக் கூடப்பிறந்த ஆரும் இல்லையோ? உன்ர சாவுக்கு ஒருத்தரும் வராமல் போகட்டும்” என்றார். பூங்கொத்தை அக்காவின் கையில் திணித்தார். “இதையும் நீயே வைச்சிரு.”

அக்கா அதை வாங்கிக்கொண்டார். அதோடு விடவும் இல்லை. டாக்சி பிடித்து அந்த அம்மாவை விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க அவர் திட்டிக்கொண்டே வந்தாராம். நான் அலுவலகம் திரும்பி வாலை வெட்டும் வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்காவிடம் கேட்டேன். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? சிஸ்டத்துல கோளாறுன்னு சொல்லியிருக்கலாமே?”

“மெசினில பிழை எண்டால் அவ நம்புவாவோ? அந்த மெசினுக்கும் அண்ணிதான் சொல்லிக் குடுத்தவள் எண்டு நினைப்பா. கோவிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும், அண்ணை. அண்ணியைக் கோவிச்சால் அது பிள்ளையளுக்கும் பேரப்பிள்ளையளுக்கும் போகும். நான் ஆர், பிறத்தியாள்தானே. என்னைக் கோவிச்சிட்டுப் போகட்டும்.”

“முதலாளிகிட்ட நான் சொல்லிடறேன்க்கா. தப்பு என்னோடதுன்னு.”

“சொல்லுங்கோ” என்றார். சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. பெருந்தன்மையாகத் தடுத்தார், அதனால் அடங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அன்றைக்குள் அந்த அம்மாவின் குரல் செய்தி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. நேரத்தைத் தவறாக அடித்துத் தன்னைத் தன் அண்ணன் முகம் பார்க்காமல் செய்த பெண், இன்ன தளத்தில் வேலை செய்கிறாள் என்று. மாலைக்குள் முதலாளிக்கு நாற்பது போனாவது வந்திருக்கும். அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா வாசலில் சொன்னதையே அங்கும் சொன்னார். சொல்லும்போது கதவு திறந்திருந்தது. என் மேசை கதவுக்கு நேர் எதிரே இருந்தது. சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று இன்றும் நினைக்கிறேன். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒராளை அனுப்பினால்தான் இது அடங்கும்” என்று முதலாளி சொன்னது கேட்டது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அக்கா டீக் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கருவாட்டு வாசனைப் படியில் இறங்கிப் போனார். வேலையை விடுகிறேன் என்று சவால் விட்டவன் நான். போனது அவர்.

என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், வாடகை வீடு, எல்லாம் அதன் மேல்தான் நின்றது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் நியாயம் இல்லை. கோழைத்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

அதற்குப் பிறகு தளத்தில் அந்தத் தவறு வரவில்லை. ஒரு வரி மாறினால் அதன் வாலுள்ள, வாலில்லாத அத்தனை பிரதிகளும் நொடியில் அழிந்தன. டொரண்டோப் பெரியவர் கொஞ்ச நாள் அழைத்துக்கொண்டிருந்தார். “இண்டைக்கு வாசிக்க ஒண்டும் இல்லையோ?” என்று கேட்பார். இல்லை ஐயா, இப்போதெல்லாம் தேவைப்படுவதில்லை என்பேன். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

அக்காவுக்குத் தமிழ்க் கடைகளிலோ அலுவலகங்களிலோ வேலை கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போனார். ஒரு தடவை அங்கே டிராம் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “மகள் எப்பிடி? விசா முடிஞ்சுதோ?” என்று கேட்டார். நிரந்தர விசா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேறு நிறுவனத்துக்கும் மாறியிருந்தேன். இனி எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. “நான் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்க்கா” என்றேன். டிராம் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே, “சொல்லுங்கோ” என்றார், அன்று சொன்ன மாதிரியே. இந்தத் தடவையும் நான் சொல்லவில்லை. பயம் போன பிறகு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

போன குளிர்காலத்தில் அக்கா இறந்துபோனார். புற்றுநோய், மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. அறிவித்தலைப் போனில் பார்த்தேன். கணவர், ஒரு மகள், மூன்று சகோதரர்கள். ஒரு திருத்தமும் வரவில்லை.

தகனத்துக்குப் போனேன். மண்டபத்தில் பாதிக்கு மேல் ஆட்கள். அந்தச் சாபம் பலிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பின் வரிசையில் இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இவதானே அந்த நேரம் பிழையா அடிச்சவ?”

“ஓம். ஜேர்மன்காரி பாவம், தமையன்ர முகம் பாக்கேல்லை. அதைச் செய்தவ இவதான்.”

திரும்பி, “இல்லைங்க, அது நான்” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு பேரும் திகைத்துப் பார்த்தார்கள். துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டி, “அழாதேங்கோ, தம்பி” என்றாள். அப்போதுதான் நான் அழுவது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பழைய முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் யார் யாருக்கோ போன் செய்து அந்த ஜெர்மனி அம்மாவின் எண்ணை வாங்கிக் கொடுத்தார். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. எப்போதும் வருகிறவர்.

வீட்டுக்கு வந்து அழைத்தேன். அந்த அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். நான் யார் என்று சொன்னேன். அன்று வாசலில் மூன்றடி தள்ளி நின்றவன் என்று சொன்னேன். நேரம் சரியாகத்தான் அடிக்கப்பட்டது, சரியாகத்தான் திருத்தப்பட்டது, பழைய பக்கத்தை அழிக்காமல் விட்டது நான், உங்கள் அண்ணி மேல் கோபம் போகக்கூடாது என்று அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று சொன்னேன்.  லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டேன்.

“அந்தப் பிள்ளை இப்ப எங்க?” என்று கேட்டார்.

“நேத்துதாம்மா எரிச்சோம்.”



“நான் அண்ணியோட ராசியாகி ஆறு வருசம்” என்றார். “அண்டைக்கு அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லியிராட்டில், சாகுமட்டும் அவளின்ர வாசல்படி மிதிச்சிருக்கமாட்டன். நானும் அண்ணியும் சேந்திருந்து அந்தப் பிள்ளையைத் திட்டுவம், தம்பி. ரெண்டு பேரும் சேந்திருந்து.”



“பேனை இருக்கோ?” என்றார் அந்த அம்மா திடீரென்று. “எழுதுங்கோ. நான் ஆர் ஆரிட்டச் சொன்னனானோ அவையின்ர பேர் சொல்லுறன். ஒவ்வொராளுக்கும் நீங்கள் எடுத்துச் சொல்லவேணும். பாரிசில என்ர மச்சாள். எழுதினீங்களோ? கனடாவில மூண்டு குடும்பம், பொறுங்கோ, நம்பர் பாத்துத் தாறன். சுவிசில பெரியப்பாவின்ர மகன். டென்மார்க்கில எனக்குப் படிப்பிச்ச ரீச்சர்...”

அந்த இடத்தில் நிறுத்தினார்.

“ரீச்சர் போன மாசம் செத்துப்போனா” என்றார். “அவ நான் சொன்னதை நம்பிக்கொண்டெல்லோ போனவ. அவவிட்ட இனி ஆர் தம்பி சொல்லுறது?”